பாத்திரம் அடைத்த போதகர்



17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெட்ஃபோர்டு நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தவர் ஜான் பனியன். ‘மோட்சப் பிரயாணம்’ என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் பல தலைமுறைகளாகப் படித்துவரும் நூல் அவர் எழுதியது. கல்லூரி வாசலை மிதிக்காத அந்தத் தொழிலாளிக்கு அப்படியொரு எழுத்துக்கலை எப்படி வாய்த்தது? உழைப்பையும் விசுவாசத்தையும் அவர் வேறு வேறாக வைத்துக்கொள்ளாததால்தான் என்பேன்.

1628இல் எல்ஸ்டோ என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனாருக்கும் அதே தொழில். முதல் மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள். ஒருநாள் வேலையாகப் பெட்ஃபோர்டுக்குப் போனபோது, வாசலில் வெயிலில் உட்கார்ந்து சில ஏழைப் பெண்கள் கடவுள் தங்களுக்குச் செய்ததைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மகிழ்ச்சி தம்மிடம் இல்லையே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. பிறகு அந்தப் பெண்களின் சபையிலேயே சேர்ந்தார். பிரசங்கமும் செய்யத் தொடங்கினார்.

1660இல் மன்னராட்சி திரும்பியது. அரசுத் திருச்சபைக்கு வெளியே கூட்டம் கூட்டிப் பிரசங்கித்தார் என்று பனியனைப் பிடித்தார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை, சிறைவாசம் 12 ஆண்டுகள் நீண்டது. வீட்டில் நான்கு பிள்ளைகள். மூத்தவள் மேரிக்குக் கண் தெரியாது. இரண்டாம் மனைவி எலிசபெத் நீதிபதிகள் முன் நின்று, என் கணவர் ஏழை, பாத்திரம் அடைப்பவர் என்பதால்தானே நியாயம் கிடைக்கவில்லை என்று வாதாடினார். பனியனோ சிறைக்குள் நாடாக்களின் நுனிக்குப் பூண் போட்டுக்கொடுத்துக் குடும்பத்துக்குச் சம்பாதித்தார். 1672இல் அவரைச் சபை தன் போதகராகத் தேர்ந்தெடுத்தது.

1678இல் வெளிவந்த ‘மோட்சப் பிரயாண’த்தைத் திறந்து பாருங்கள். முதுகில் சுமையோடு ஒருவன் நடக்கிறான். சேற்றில் விழுகிறான், மலை ஏறுகிறான், சந்தையில் வம்புக்கு இழுக்கப்படுகிறான். பட்டடையும் கருவிகளும் சுமந்து ஊர் ஊராக நடந்தவருக்குப் பாதையின் சேறும் மேடும் படித்துத் தெரிந்தவை அல்ல. கதைமாந்தர் பேசும் பேச்சும் சந்தையில் கேட்ட பேச்சே. வேதாகம மொழியும் தெருமொழியும் ஒரே வாக்கியத்தில் இயல்பாகச் சேர்வதுதான் அவர் கலையின் சிகரம்.

திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இந்தக் கதையை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிக’மாகப் பாடினார். கம்பனில் ஊறிய அந்தச் செய்யுளின் கம்பீரம் தனி அழகு. ஆனாலும் பனியனின் எளிய உரைநடையில் கேட்கும் வழிப்போக்கனின் மூச்சிரைப்பு காவிய நடைக்குள் அடங்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டின் அருமையும் தெரியும்.

பனியனுடைய விசுவாசம் பரந்தது. விசுவாசிகளுக்கு ஞானஸ்நானம் தகும் என்று நம்பியவர், அதில் கருத்து வேறுபட்டவர்களைத் திருவிருந்திலிருந்து தள்ளக்கூடாது என்று 1673இல் எழுதினார். பாப்திஸ்து தலைவர்களே கண்டித்தும் பின்வாங்கவில்லை. 1688இல், பிணங்கிய ஒரு தகப்பனையும் மகனையும் சேர்த்துவைக்கக் குதிரையேறிப் போனார். திரும்பும் வழியில் மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு, லண்டனில் இறந்தார்.

அவரைச் சிறைவைத்த நீதிபதிகள் தொழிலைச் சொல்லி அவரை இளக்காரம் செய்தார்கள். அந்தத் தொழில் தந்த மொழியில்தான் இன்றும் அவர் நம்மோடு பேசுகிறார்.