வெள்ளைச் சட்டை வேண்டாம்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இந்து வாலிபர் சங்கத்தில் மீன்பிடியைப் பற்றிப் பேச்சா என்று முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. பயப்பட வேண்டாம். இன்று எந்த மீனையும் சட்டியில் ஏற்றப்போவதில்லை.

மிஷன் பாடசாலையில் நாங்கள் படித்த ஆங்கிலப் பாடங்களில் வசந்தம் வந்தால் டிரவுட் மீனும் கூடவே வரும். பனி உருகும், ஆற்றிலிருந்து பூச்சிகள் எழும், கனவான் ஒருவர் தூண்டில் கோலோடு புறப்படுவார். பொகவந்தலாவையில் பனி உருகுவதேது? பங்குனி சித்திரைதான் நமக்கு வசந்தம். தென்மேற்கு மழை வந்து ஓயாவைக் கலக்குமுன், நீர் தெளிந்து அடிக்கல் தெரிகிற நாட்கள் அவை. அந்தப் பாடப்புத்தக மீன் நமக்கு மேலேயுள்ள ஹோட்டன் சமவெளியில் மெய்யாகவே வாழ்கிறது என்பதை நாங்கள் பிற்பாடுதான் அறிந்தோம்.

அது தானாக வந்ததன்று. துரைமார் 1880களில் முட்டையாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே, 1864இல், பாசியும் பனிக்கட்டியும் வைத்த பெட்டிகளில் டிரவுட் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து தாஸ்மேனியா வரை உயிரோடு போய்ச் சேர்ந்திருந்தன. நீலகிரியில் 1863இல் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். 1907இல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே அங்கே காரியம் கைகூடியது. மீன் முட்டைக்குப் பனிக்கட்டி மெத்தை கிடைத்த அதே நூற்றாண்டில்தான் நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் கொள்ளைநோயிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மீனின் வம்சத்திடம் எவரும் பத்திரம் கேட்கவில்லை. நம்மிடமோ 1948இல் கேட்கத் தொடங்கி, 2003 வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீனின்மேல் நமக்குக் கோபமில்லை, அது என்ன செய்யும்!

சமவெளி 2,100 மீற்றருக்கு மேல் உயரமுள்ளது. குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு அதிகம் கரைந்திருக்கும், டிரவுட்டுக்கு அது போதிய அளவு வேண்டும். அதனால் வானவில் டிரவுட் என்ற இனம் அங்கே தானே இனம்பெருக்கி நிலைத்துவிட்டது. வெறும் தண்ணீர் என்று எண்ணியே துரைமார் அதை விட்டிருப்பார்கள். ஆனால் அத்தண்ணீர் வெறுமையாயிருக்கவில்லை. உலகில் வேறெங்குமில்லாத ஒரு சிற்றிறால் அங்கே வாழ்கிறது, இன்று அது டிரவுட்டுக்கு இரையாகிக் குறைகிறது.

இனி அந்த வித்தைக்கு வருவோம். புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு வெற்றிலை மெல்லுகிற தூண்டிலன்று இது. முள்ளில் இறகும் நூலும் சுற்றி ஈயைப்போலச் செய்கிறார்கள். அந்த ஈக்கு எடையில்லை, ஆகவே கயிற்றின் எடையைக் கொண்டே வீசவேண்டும். கோலைப் பின்னே கொண்டுபோய், கயிறு முழுதும் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னே வீசவேண்டும். நாங்கள் மூங்கிலும் சேவல் இறகுமாக முயன்றதில் அகப்பட்டது ஒரு நண்பனின் காது மட்டுமே.

எங்களுக்கு இதை விளக்கியவர் எங்கள் தோழன் ஒருவனின் தாத்தா. எண்பதைக் கடந்தவர். சிறுவனாயிருக்கையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் வலையையும் சாப்பாட்டுக் கூடையையும் சுமந்து மலையேறியவர். கோலை ஒருநாளும் அவர் கையில் கொடுக்கவில்லையாம். “குடுத்திருந்தா தொரைய விட நல்லா வீசியிருப்பேன் தம்பி” என்றார். வீண்பெருமையன்று. மீன் நீர் வருகிற திசையைப் பார்த்தே நிற்கும், ஆகவே கீழிருந்து மேல்நோக்கி நடக்கவேண்டும். ஈ நீரோட்டத்தோடு தானாக மிதந்து வரவேண்டும், கயிறு இழுத்தால் மீன் ஏமாறாது. எந்தக் கல்லின் பின்னால் மீன் ஒதுங்கும் என்பதைத் துரைக்குக் காட்டியதே இந்தப் பையன்தான்.

சென்ற விடுமுறையில் அவரைக் கெசல்கமு ஓயாவின் கரைக்கு அழைத்துச் சென்றோம். நெடுநேரம் நின்று பார்த்தார். பிறகு, “கல்லு தெரியலையே” என்றார். தண்ணீர் மண்நிறமாக ஓடிற்று. களவாக மாணிக்கம் தோண்டுகிறவர்கள் கரையைக் கிளறிவிட்ட சேறு அது. ஈயின் குஞ்சுகள் கல்லின் அடியில் நீருக்குள்ளேதான் வளர்கின்றன. சேறு படிந்தால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும், அதைத் தின்னுகிற நம்மூர்ச் சிறுமீனும் போகும், மிஞ்சிய மண் காசல்ரி நீர்த்தேக்கத்தில் போய்த் தங்கும். தோண்டுகிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு என்பதை இந்த மண்டபத்தில் சொல்லாமலிருப்பது சரியன்று. தோட்டக் கூலி போதாமல்தான் போகிறார்கள், அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓயாவின் தலைப்பகுதிவரை கல் கல்லாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டு போக எண்ணியிருக்கிறோம். எங்கே பூச்சி இருக்கிறது, எங்கே இல்லை என்று எழுதிவைப்போம். தூண்டில் வேண்டாம், ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பெரியோர்களும் வரலாம். தாத்தா வர ஒப்புக்கொண்டுவிட்டார், ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார்: யாரும் வெள்ளைச் சட்டை போட்டு வரக்கூடாதாம். மீன் பார்த்துவிடும்.