குருதிக்குள் நிகழும் உப்பு மாற்று



செய்யூர் உப்பளப் பாத்திகளில் விளையும் உப்பின் பணி, சோற்றுக்குச் சுவையூட்டுவதோடு முடிவதன்று. மாந்தக் குருதிக்குள் உயிர்காக்கும் பண்டமாற்று ஒன்றை அது ஓயாது நடத்துகின்றது.

உப்பு வாரும் உழைப்பாளியின் தசைகள் உயிர்வளியால் உணவை எரிக்கின்றன. அவ்வெரிப்பின் கழிவே கரிவளி. ஓய்ந்திருக்கும் உடலிலேயே நிமையத்திற்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் தோன்றும். உழைக்குங்கால் பன்மடங்கு பெருகும். நீரில் கரைந்தால் அது காடியாகும். கோலிச் சோடாவின் புளிப்பு அக்காடியின் புளிப்பே. அது தேங்கினால் உயிர் நிலைக்குமா? காடி-கார அளவுகோலில் குருதி 7.35க்கும் 7.45க்கும் இடையே நின்றாக வேண்டும்!

பின் எவ்வாறு கரிவளி ஊறின்றிச் செல்கின்றது? செங்குருதி அணுக்களுள் ஒரு நொதி உண்டு. கேம்பிரிட்சு அறிஞர் மெல்டிரமும் இரௌட்டனும் 1933-இல் அதனை விளக்கினர். அந்நொதி கரிவளியையும் நீரையும் நொடிப்பொழுதில் கரிக்காடியாக்கும். அக்காடி உடனே இரண்டாகப் பிரியும். புளிப்பைத் தரும் நீரகக் கூற்றை, உயிர்வளியை இறக்கிவிட்ட ஈமோகுளோபின் பற்றிக்கொள்ளும். ஆப்பச் சோடாவிலுள்ள பைகார்பனேட்டு என்னும் கூறே எஞ்சுவது. அது அணுவை விட்டு வெளியேற, அதற்கு ஈடாகக் கறியுப்பின் கூறாகிய குளோரைடு உட்புகும். கரிவளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு இவ்வாறே நுரையீரலை அடைகின்றது. அங்கே இம்மாற்று தலைகீழாகிக் கரிவளி மூச்சோடு வெளியேறும்.

காடி மிகுந்தால் மூளை மூச்சை விரைவுபடுத்தும். மூச்சால் தீராத காடியைச் சிறுநீரகம் கழித்துப் பைகார்பனேட்டை மீட்டுத் தரும்.

அச்சிறுநீரகமே உப்பள உழைப்பாளியிடம் இடர்ப்படும் உறுப்பு! தமிழ்நாட்டு உப்பளங்களில் நடந்த மருத்துவ ஆய்வுகள், உழைப்பாளரின் சிறுநீரகச் செயல் குன்றுவதைக் கடும் வெப்பத்தோடும் நீரிழப்போடும் இணைத்துக் காட்டியுள்ளன. கழிப்பிடம் இன்மையால் பெண்கள் தண்ணீர் அருந்தவே தயங்குகின்றனர். சிறுநீரகம் நலிந்தால் குருதியில் காடி தேங்கும். எலும்பும் தசையும் தேயும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது தமிழர் வாய்மொழி. ஊரார் குருதிக்கு உப்பு ஈந்தவரின் குருதி புளிக்க விடலாமா? பாத்தியோரம் நிழற்கொட்டகையும் குடிநீரும் கழிப்பிடமும் அமைத்தல் இரக்கமன்று. உப்புண்டார் அனைவரும் தீர்க்க வேண்டிய கடன்!