களைப்பு வேறு, தேகாப்பியாசம் வேறு

லாரி ஓட்டுநர்களின் இருதய நோயைப் பற்றிச் சென்ற வாரம் நான் பேசியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆட்சேபணையைத்தான் எழுப்புகின்றன: "விடிய விடிய ஸ்டியரிங்கைப் பிடித்து, இடுப்பொடிந்து இறங்குகிற எங்களுக்குத் தனியாக எதற்கு ஐயா தேகாப்பியாசம்?" உங்கள் களைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அது உறக்கம் கெட்டதனாலும், என்ஜின் சூட்டினாலும், எதிர்வண்டியின் விளக்கொளியில் கண்ணிமைக்காமல் இருக்கும் மனச் சிரமத்தினாலும் வருகிற களைப்பேயன்றி, கைகால் அசைந்து இருதயம் பலப்படுகிற களைப்பு அன்று.

லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில், ஒரே தெருவில் ஒரே புகையைச் சுவாசித்து வேலை செய்த ஓட்டுநரையும் நடத்துநரையும் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர் ஒப்பிட்டு 1953-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வேலை நேரமெல்லாம் உட்கார்ந்தே கழித்த ஓட்டுநரைவிட, நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறிய நடத்துநருக்கு மாரடைப்பு குறைவென்று தெரிந்தது. ஓட்டுநர்களின் சீருடைக் கால்சட்டைகள் இளவயதிலேயே இடுப்பளவில் பெரியவையாக இருந்தன என்பதையும் 1956-ல் அவரும் அவருடைய சகாக்களுமே ஒளிக்காமல் எழுதினார்கள். ஆகவே பருமனானவர்களே அவ்வேலைக்கு வந்தார்களோ என்ற சந்தேகத்துக்கும் இடமுண்டு. ஆயினும் பின்வந்த ஆராய்ச்சிகள் உட்கார்ந்தே இருப்பதன் தீமையை உறுதிப்படுத்தியே வந்திருக்கின்றன. நம் லாரிகளிலும் ஏறித் தார்ப்பாய் விரித்தவர், கயிறு இழுத்து முடிந்தவர், ஜாக்கி வைத்தவர் எல்லாம் கிளீனர்தானே! ஓட்டுநர் அன்றும் உட்கார்ந்தார், இன்றும் உட்கார்ந்திருக்கிறார்.

திரும்பவும் சொல்கிறேன், களைப்பு தேகாப்பியாசம் ஆகாது. டயரைத் தட்டிப் பார்க்க இறங்குகிறீர்கள் அல்லவா, பார்த்தவுடன் ஏறிவிடாமல் பத்து நிமிஷம் வேகமாக நடவுங்கள். அவ்வாறு நாளில் மூன்று தடவை போதும். பீடியையும் புகையிலையையும் விடுங்கள். அதில் பேரம் பேச ஒன்றுமில்லை. நள்ளிரவில் சால்னா ஊற்றிய பரோட்டாவைக் குறையுங்கள்.

சங்ககிரி அன்பரொருவர், பிரஷர் மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வருகிறது, நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியவில்லை, ஆகையால் லோடு ஏற்றிய நாள்களில் அதைப் போடுவதில்லை என்று எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் ரத்தக் கொதிப்புக்கு லோடு நாள், சும்மா நாள் என்ற பேதமெல்லாம் தெரியாது! எல்லா மாத்திரைகளும் சிறுநீரைப் பெருக்குவன அல்ல. உங்கள் தொழிலை டாக்டரிடம் விளங்கச் சொன்னால் மருந்தையோ வேளையையோ மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொருவர், நெஞ்சு அடைத்தால் வாயுவென்று சோடா குடிப்பது தவறா என்று கேட்கிறார். என்னிடம் வந்த ஓர் ஓட்டுநர் கிருஷ்ணகிரியில் அப்படிச் சோடா குடித்து, ஏப்பம் வந்ததும் குணமாயிற்றென்று எண்ணி ஓசூர் வரை ஓட்டிப் போய், அங்கே ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் அது மாரடைப்பென்று அறிந்தார். வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினாலும், காரணமின்றி வியர்த்துக் கொட்டினாலும், சோடாக் கடையைத் தேடாமல் வண்டியை ஓரங்கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரி அருகில்தானே என்று நீங்களே ஓட்டிச் செல்ல வேண்டாம்.