மூணு டி.சி. வாங்கிய கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடித்துப் பேசுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை குழுக் கணக்கு வாசித்தேன், பாதியிலேயே கை நடுங்கிப் போச்சு. இந்தத் தடவை, பிள்ளைகள் கடைசி வரைக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தால் நல்லதா என்று பேசச் சொன்னார்கள். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் பெரியவள் மூணு டி.சி. வாங்கினவள். இப்போது பன்னிரண்டாவது. சின்னவன் ஒண்ணாம் வகுப்பில் உட்கார்ந்த அதே யூனியன் பள்ளிக்கூடத்தில்தான் இன்றைக்கு எட்டாவது படிக்கிறான். ரெண்டு கணக்கும் என் வீட்டிலேயே இருக்கு.

பெரியவளை முதலில் டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்த்தோம். டை, ஷூ எல்லாம் போட்டு வேனில் ஏறும்போது தெருவே பார்க்கும். ரெண்டாவது முடிக்கிறபோது எங்க வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து ஆறு மாசம் படுத்துவிட்டார். ஃபீஸ் கட்ட வழியில்லை. டி.சி. வாங்கி நம்ம ஊர் யூனியன் பள்ளியில் மூணாவது சேர்த்தேன். ரைம்ஸ் எல்லாம் கடகடன்னு சொல்லுவாள், தமிழில் "பம்பரம்" என்று எழுதச் சொன்னால் முழிப்பாள். டீச்சர் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தார். அஞ்சாவது முடிக்கும்போது நாளிதழ் வாசித்தாள்.

அங்கேயே எட்டாவது வரை விட்டிருக்கலாம். விட்டேனா? நாத்தனார் பிள்ளைகள் டவுனில் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படிக்கிறார்கள், கல்யாணம் காட்சியில் அவர்கள் இங்கிலீஷில் பேசுகிறார்கள், என் பிள்ளை ஓரமாக நிற்கிறாள். இதுதான் காரணம். வேற ஒண்ணும் இல்லை. 2019 ஜூன் மாசம் ஆறாவது சேர்த்தோம். ஃபீஸ் 28,000, வேனுக்கு 9,000.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் குழுவில் ஆடு வாங்க என்று தீர்மான நோட்டில் எழுதி 30,000 ரூபாய் வாங்கினேன் அல்லவா, அது இந்த ஃபீஸுக்குத்தான். ஊக்குநர் அக்கா ஆடு எங்கே என்று கேட்டதுக்கு அம்மா வீட்டில் கட்டியிருக்கேன் என்று சொன்னேன். தவணை ஒண்ணுகூட நிலுவை வைக்கவில்லை, ஆனால் சொன்னது பொய். அக்கா, மன்னிச்சுக்கோங்க. (எல்லாரும் சிரிக்கிறீங்க. உங்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஆடு நிற்குது என்று எனக்கும் தெரியும்.)

அங்கே அவளுக்கு அறிவியலும் இங்கிலீஷ், கணக்கும் இங்கிலீஷ். காலையில் ஏழு மணிக்கு வேன் ஹாரன் கேட்டாலே வயிறு வலிக்குது என்பாள். பொய் சொல்கிறாள் என்று ரெண்டு அடி போட்டேன். ஒரு நாள் வேனுக்குள்ளேயே வாந்தி எடுத்த பிறகுதான் பயம் வந்தது. அப்புறம் 2020ல் கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள். ஏழாவது முழுக்க போனில் பாடம். வீட்டில் இருந்தது ஒரே போன், அதை அவர் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஃபீஸ் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2021ல் டவுன் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றலாம் என்று போனால், "பாக்கி 11,500 கட்டுங்க, டி.சி. வாங்கிக்கோங்க" என்றார்கள். கம்மலை அடகு வைத்துக் கட்டினேன். பிற்பாடுதான் ஒரு டீச்சர் சொன்னார்: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளையை, டி.சி. வர தாமதமாகுது என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளி சேர்க்காமல் இருக்க முடியாது. டி.சி.யை ஃபீஸ் வசூலிக்கிற கருவியாக வைக்கக் கூடாது என்று 2024ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பிள்ளைக்கு எமிஸ் நம்பர் ஒண்ணுதான், எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதே நம்பர் கூடவே போகும். இதெல்லாம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் என் கம்மல் காதில் இருந்திருக்கும்.

அவளுக்கு எது கஷ்டம் என்று பெரியவளான பிறகு ஒரு நாள் கேட்டேன். பாடம் இல்லைம்மா, புதுசாப் போற இடத்தில் மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிடுறது என்றுதான் முந்தின ராத்திரி தூக்கம் வராது என்றாள். மூணு தடவை அந்த ராத்திரியை நான் அவளுக்குக் கொடுத்திருக்கேன்.

இத்தோடு முடிந்தது என்று இருந்தேன். இந்த வருஷம் பன்னிரண்டாவது டீச்சர் புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் மீதி தெரிந்தது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குக் கல்லூரியில் மாசம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தாலும் கணக்கில் எடுப்பார்கள். நாங்கள் காசு கட்டி அல்லவா சேர்த்தோம்! ஆறாவதும் ஏழாவதும் வெளியே படித்ததால் என் பெண்ணுக்கு இல்லை. மூணு வருஷப் படிப்புக்கு 36,000 ரூபாய். மருத்துவப் படிப்புக்கு இருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீடும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குத்தான். அவளுக்கு டாக்டர் ஆசை இல்லை, அது வேற விஷயம். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் உண்டு, அதுக்கு ஒண்ணாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேணும். டை கட்டி அனுப்பினோமே, அந்த ரெண்டு வருஷம் அங்கேயும் வந்து நிற்குது.

சின்னவன் கதை இப்படி இல்லை. நாலாவது படிக்கும்போது அவன் கையெழுத்து திடீரென்று கோணலாகப் போச்சு. மூணு வருஷமாக அவன் எழுத்தைப் பார்த்த டீச்சர் ஆனதால், இவன் போர்டைப் பார்த்து எழுதவில்லை, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறான் என்று கண்டுபிடித்து, கண் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துக் கண்ணாடி வாங்கித் தந்தார். புது டீச்சராக இருந்தால் சோம்பேறி என்றுதான் நினைத்திருப்பார்.

அதுக்காக ஒரே இடம் என்றால் எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். ரெண்டாவதில் ஒரு நாள் அழுததுக்கு வைத்த பட்டப் பெயர் இன்னும் அவனை விடவில்லை. "இவனுக்குக் கணக்கு வராது" என்று ஒருத்தர் சொன்னால் அடுத்து வருகிறவரும் அதையே சொல்கிறார். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி, பையன்கள் வழியில் கேலி செய்தார்கள் என்று பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றினாள். ஊரே பேசியது. அவள் செய்தது சரி, அந்தப் பிள்ளை இப்போது நிம்மதியாகப் படிக்கிறது. கரும்பு வெட்டப் போகிற குடும்பங்கள் மாற்றாமல் என்ன செய்வார்கள்? பிள்ளையைத் தனியாக விட்டுப் போக முடியுமா?

இன்னொன்று. ஒரே பள்ளி என்று சொல்லும்போது, நம்ம பள்ளி எட்டாவதோடு முடிகிறது. எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே வளாகம் என்பது டவுன்காரர்களுக்கு. நம்ம பிள்ளைகள் ஒன்பதாவதுக்கு ஒன்பது கிலோமீட்டர் போயே ஆகணும். எல்லாரும் சேர்ந்து போகிற மாற்றம் பிள்ளையை அவ்வளவு பயமுறுத்துவதில்லை, கூட நாலு பேர் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் பெண் பிள்ளைகள் நிற்பது அங்கேதான். போன வருஷம் எங்கள் தெருவில் ரெண்டு பேர் எட்டாவதோடு நின்றுவிட்டார்கள். படிப்பு வராததால் இல்லை. பள்ளி விடுவது நாலே காலுக்கு, பஸ் வருவது ஆறு மணிக்கு. கார்த்திகை, மார்கழியில் இருட்டிவிடும். ஒரு வீட்டில் ஆயா சொன்னது, "இருட்டுல வர்ற படிப்பு வேணாம்".

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், தலைவரும் ஒரு தாய்தான். நானும் இந்த வருஷம் அதில் உறுப்பினர். நாலரை மணிக்கு ஒரு பஸ் விடச் சொல்லித் தீர்மானம் போட்டோம், பதில் வரவில்லை. கூட்டமைப்பு பெயரில் கொடுத்தால் கலெக்டர் ஆபீஸில் எடுத்துப் பார்ப்பார்கள் என்று தலைவி அக்கா சொன்னார்கள். அதே மாதிரி, படிப்புக்குக் கடன் கேட்டால் படிப்புக்கு என்றே தீர்மான நோட்டில் எழுத விடுங்கள். பள்ளி மாற்றுவதற்கா, புத்தகத்துக்கா, ஹாஸ்டலுக்கா என்று குழுவில் நாலு பேர் கேட்கட்டும். என்னை அன்றைக்கு யாராவது ஒருத்தர் "ஏன் மாத்துற?" என்று கேட்டிருந்தால், நாத்தனார் பிள்ளைகளுக்காக என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

மனுவை வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். பேனாவும் நூலில் கட்டியிருக்கு. சாப்பிடப் போவதுக்கு முன்னால் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஜூன் மாசம் நம்ம ஊரிலிருந்து பதினொரு பிள்ளைகள் ஒன்பதாவது போகிறார்கள், அதில் ஏழு பேர் பெண் பிள்ளைகள்.