பகடையில் பழுதில்லை, பை மட்டும் காலி!

(அம்பத்தூரில் ஒரு படிப்பகத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

சூது தீது என்று சொல்வதற்காக நான் இன்று இங்கு வரவில்லை. அதைச் சொல்ல வள்ளுவர் இருக்கிறார். பொருட்பாலில் 94-ஆம் அதிகாரத்தையே அதற்கென ஒதுக்கி வைத்திருக்கிறார். அவர் சொல்லியும் கேளாத காதுகள், இந்த ஒலிபெருக்கியின் கரகரப்பில் நான் சொன்னதும் கேட்டுவிடப் போகின்றனவா? நான் வந்தது வேறு வேலைக்கு. கணக்குப் பார்க்க வந்திருக்கிறேன்.

கணக்கா, நீயா என்று முன்வரிசையில் ஒரு முகம் சிரிக்கிறது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு நாடக மேடைக்கு ஓடியவன் நான் என்பதை அறிந்த முகம் அது! சிரிக்கட்டும். இந்தக் கணக்குக்குப் பட்டம் வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் போதும்.

சென்ற மாதம் இதே அம்பத்தூர்த் தொழிற்பேட்டைச் சாலையில், தேநீர்க் கடை வாசலில் ஒரு தம்பியைக் கண்டேன். லேத் பட்டறையில் வேலை, இரவு ஷிப்டு முடித்து வந்த கண்கள், கையிலே கைபேசி. கைபேசியிலே ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. சிவப்பும் கருப்புமாகக் கட்டங்கள், அவற்றின்மேல் ஓடும் வெள்ளைக் குண்டு. ரூலெட் என்கிறார்களே, அந்த ஆட்டம்.

"தம்பி, இது ஏமாற்று அல்லவா?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணே! இது நேர்மையான ஆட்டம். சான்றிதழ் இருக்கிறது. எந்த எண் விழும் என்பது அவர்களுக்கே தெரியாது. சோதனை செய்து முத்திரை குத்தியிருக்கிறார்கள், பாருங்கள்" என்று திரையின் அடியிலே சின்னஞ்சிறு முத்திரை ஒன்றைக் காட்டினான்.

என் வாய் அடைத்துவிட்டது, தோழர்களே! மேடையிலே சகுனி வேடம் எழுதியவன் நான். சூதென்றால் பொய்ப் பகடை, பொய்ப் பகடை என்றால் சகுனி. இப்படியே வசனம் எழுதிக் கைதட்டல் வாங்கியவன். பகடையிலே பழுதே இல்லை என்று ஒருவன் முத்திரையோடு வந்து நின்றால், என் சகுனிக்கு அங்கே வேலை ஏது? பகடை நல்லதாக இருந்திருந்தால் தருமனின் நாடு பிழைத்திருக்கும் என்றல்லவா இத்தனை நாள் நாமும் எண்ணியிருந்தோம்!

சரி, அந்தச் சான்றிதழ் மெய் என்றே வைத்துக்கொள்வோம். குண்டு யார் சொல்லுக்கும் கட்டுப்படாமல் ஓடுகிறது என்றே ஒப்புக்கொள்வோம். இப்போது கணக்கைத் தொடங்குவோம்.

அந்தச் சக்கரத்திலே 1 முதல் 36 வரை எண்கள். அவற்றோடு ஒரு சுழியம். ஆக 37 கட்டங்கள். இங்கே கூடியிருப்போரில் 37 பேரை எழுப்பி நிறுத்துகிறேன். ஆளுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு 100 ரூபாய். மேசைமீது விழுந்தது 3,700 ரூபாய். குண்டு எங்கே நின்றாலும் நம்மில் ஒருவர் வென்றே தீர வேண்டும். வென்றவருக்கு என்ன தருகிறார்கள்? ஒன்றுக்கு 35 மடங்கும் அவர் வைத்த 100 ரூபாயும். அதாவது 3,600. மீதி 100 ரூபாய் எங்கே? மேசையின் பைக்குள்ளே!

கவனியுங்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. குண்டு நேர்மையாகத்தான் ஓடிற்று. வென்றவர் மகிழ்ச்சியாகத்தான் வீடு போனார். தோற்ற 36 பேரும் தம் தலைவிதியைத்தான் நொந்துகொண்டார்கள். ஆனால் 37 இடம் உள்ள சக்கரத்துக்கு 36 பங்கு கூலி என்று முன்கூட்டியே எழுதி வைத்தவன் எவனோ, அவன் மட்டும் எந்த எண்ணிலும் பணம் வைக்காமலே ஒவ்வொரு சுற்றிலும் வென்றான். நூற்றுக்கு 2.7 அவன் பங்கு. அமெரிக்காவிலே சுழியம் ஒன்று போதவில்லை என்று இரண்டு வைத்தார்கள். 38 கட்டங்கள், கூலி அதே 36. அங்கே நூற்றுக்கு 5.26.

ஆகவே, தோழர்களே, கேள்விகள் இரண்டு. பகடை நேர்மையா என்பது ஒன்று. விலை நேர்மையா என்பது மற்றொன்று. முத்திரை முதற் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது. தராசு சரியாக இருக்கிறது என்று முத்திரை குத்திய கடையிலே, எண்ணூறு கிராமுக்கு ஒரு கிலோ விலை போட்டு விற்றால், தராசையா குறை சொல்வீர்கள்?

"அண்ணே, வேறோர் ஆட்டம் இருக்கிறது, பொம்மை உருளும் ஆட்டம். அதிலே நூற்றுக்கு 96 திரும்ப வரும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். போனால் நாலு ரூபாய்தானே?" என்றான் தம்பி. அவனும் கணக்கறிந்தவன்தான்!

நாலு ரூபாய்தான், ஒரே ஒருமுறை ஆடி எழுந்துவிட்டால். எழுகிறானா? வந்த 96-ஐ மறுபடி வைக்கிறான். சராசரிக்கு 92 ரூபாய் 16 காசு வருகிறது. அதையும் வைக்கிறான். இப்படியே முழுப் பணமும் 17 முறை மேசையைச் சுற்றி வந்தால் 100 ரூபாய் 50 ஆகிவிடுகிறது. 50 முறை சுற்றினால் மிச்சம் 13 ரூபாய். இடையிலே ஒருநாள் ஐந்நூறு விழும். அந்த ஐந்நூறை ஊருக்கெல்லாம் சொல்வான். வென்றது தூண்டில் முள் என்று வள்ளுவர் அறிந்திருந்தார். முள்ளிலே நூற்றுக்கு 96 பங்கு புழு மாட்டியிருக்கிறது என்பதை மீன் படித்துப் பார்த்துவிட்டு விழுங்குகிறதே, அதுதான் நம் காலத்து விந்தை!

வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவாவிலே மாண்டோவி ஆற்றில் மிதக்கும் சூதாட்டக் கப்பலுக்குப் போக வேண்டுமானால் ரயிலேற வேண்டும், விடுப்பு எடுக்க வேண்டும், சட்டை தேய்க்க வேண்டும். கைபேசிக்கு என்ன வேண்டும்? ஒரு விரல். ஆறு நொடிக்கு ஒரு சுற்று என்றால் ஒரு மணிக்கு 600 சுற்று. சுற்றுக்குப் பத்து ரூபாய் என்றால் 6,000 ரூபாய் மேசையைக் கடந்து போகிறது. அதில் நூற்றுக்கு நான்கு, 240 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு! பூந்தமல்லிச் சாலையில் எந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த மணிக்கூலி கிடைக்கிறது என்று கேட்டு வந்து சொல்லுங்கள். அவன் ஈட்டுகிற வேகத்தைவிட இழக்கிற வேகம் அதிகம். சொல்லப்போனால், அவன் இரண்டாவது ஷிப்டும் பார்க்கிறான், கூலி கொடுத்துக்கொண்டு!

இன்னொரு தந்திரம் உண்டு. படித்தவர்கள் அதிகம் விழுவது இதிலேதான். தோற்றால் இரட்டிப்பாய் வை. மறுபடி தோற்றால் அதையும் இரட்டிப்பாக்கு. என்றாவது ஒருமுறை வெல்வாய், விட்டதெல்லாம் வந்து 100 ரூபாய் மிஞ்சும் என்கிறார்கள். கேட்க இனிக்கிறது. 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு முறை. கூட்டினால் 12,700 ரூபாய். எட்டாம் முறைக்கு 12,800 வேண்டும். அதற்குள் சம்பளம் தீர்ந்துவிட்டது. சிவப்பின்மேல் வைத்து ஏழு முறை தொடர்ந்து தோற்பது எத்தனை அரிது? ஏறக்குறைய 106-க்கு ஒன்று. அப்படியானால் 105 முறை நூறு நூறாக 10,500 சேர்க்கிறான். ஒருமுறை 12,700 விடுகிறான். சேர்த்தது நாள்பட, விட்டது நிமிடத்தில்! 1913 ஆகஸ்டில் மாண்டி கார்லோவிலே கருப்புக் கட்டத்தில் 26 முறை தொடர்ந்து குண்டு நின்றது. இனி சிவப்புத்தான் வர வேண்டும் என்று சுற்றுக்குச் சுற்று பணத்தைக் கொட்டியவர்கள் சீமான்கள். குண்டுக்கு நினைவாற்றல் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கருப்பு எத்தனை முறை வந்தது என்று அது எண்ணிக்கொண்டா ஓடுகிறது?

இதுவரை நான் பேசியது நேர்மையான கடையைப் பற்றி! நேர்மையற்றவை வேறு இருக்கின்றன. வெனிசுலாக் கரைக்கு எதிரே குராசோ என்றொரு தீவு. அங்கே உரிமம் வாங்கியதாக எழுதியிருக்கும். ஜெயித்த பணத்தைக் கேட்டால் ஆவணம் கேட்பான். ஆவணம் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் ஆடு என்பான். வற்புறுத்தினால் கணக்கையே மூடுவான். அவன்மேல் வழக்குத் தொடுக்க அம்பத்தூர் நீதிமன்றப் படியேறினால் என்ன நடக்கும்? அதிகமாகச் சொல்லத் தேவையில்லை, மேலே போவோம்.

"நாங்கள் சீட்டுத்தானே ஆடுகிறோம், ரம்மி திறமை ஆட்டமல்லவா?" என்று ஒரு கூட்டம் கேட்கிறது. நியாயமான கேள்வி. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே 1960-களில் சொல்லியிருக்கிறது. குதிரைப் பந்தயத்தையும் 1996-இல் அப்படியே சொன்னது. மறுக்கவில்லை. திறமைசாலிகள் இருவரையே உட்கார வைக்கிறேன், ஒருவருக்கொருவர் சளைக்காதவர்கள். ஆளுக்கு 1,000 ரூபாய். ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 வைக்கிறார்கள். மேசைக்காரன் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வென்றவனுக்கு 180, மேசைக்கு 20. தொண்ணூறு ஆட்டம் முடிகிறது. ஆளுக்கு 45 வெற்றி, சமம்! கையில் எவ்வளவு? ஆளுக்கு 100 ரூபாய். மேசையிடம் 1,800. இவன் அவனிடம் தோற்கவில்லை; அவன் இவனிடம் தோற்கவில்லை; இருவர் திறமையும் சேர்ந்து மூன்றாமவனுக்கு வீடு கட்டிற்று. திறமையா, வாய்ப்பா என்று நீதிமன்றத்திலே ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்களே, மேசைக்காரனின் பங்கு எவ்வளவு என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

அந்த வழக்குகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 நவம்பரில் இங்கே ஓர் அவசரச் சட்டம். 2021-இல் அது சட்டமாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. 2022-இல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, குழுவின் அறிக்கை, அக்டோபரில் சட்டப் பேரவை மசோதாவை நிறைவேற்றிற்று. மசோதா ஆளுநர் மாளிகைக்குப் போயிற்று. போனது போனதுதான்! நான்கு மாதத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு, 2023 மார்ச்சில், இப்படிச் சட்டமியற்ற மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்ற சொல்லோடு திரும்பி வந்தது. அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34-ஆம் பதிவைப் புரட்டிப் பாருங்கள்; பந்தயமும் சூதாட்டமும் என்றே எழுதியிருக்கிறது. பேரவை மறுபடி நிறைவேற்றிற்று. ஏப்ரல் 10-இல் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் மட்டும் விலக்கிவிட்டது.

அதே 2023 அக்டோபரிலிருந்து ஒன்றிய அரசு என்ன செய்தது? ஆடுவோர் கட்டும் முழுத் தொகைக்கும் நூற்றுக்கு 28 ஜிஎஸ்டி விதித்தது. மேசையிலே இன்னொரு கை நீண்டது! பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையாயினும் வாய்ப்பாயினும், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனைக்கும் தடை போட்டது. ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். நடத்துபவனுக்கு மூன்றாண்டுச் சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை. ஆடியவனுக்குத் தண்டனை இல்லை. வரவேற்கிறேன். மாநிலம் கேட்டபோது அதிகாரமில்லை என்ற குரல், டெல்லி செய்தபோது எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டே வரவேற்கிறேன்!

ஆனால் ஒன்று. கையிலே அழுக்கில்லாதவர் யார்? நம் மாநிலத்திலே 1968-இல் அரசே பரிசுச் சீட்டு தொடங்கி நடத்திற்று. 2003 ஜனவரியில்தான் லாட்டரிக்குத் தடை வந்தது. எந்தக் கொடியின் ஆட்சி தொடங்கிற்று, எந்தக் கொடியின் ஆட்சி நிறுத்திற்று என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டொருவர் நாற்காலியில் நெளிவதும் எனக்குத் தெரிகிறது. நெளியத்தான் வேண்டும். நல்ல காரியத்துக்கு என்று சொல்லி எடுத்த பங்கும் பங்குதான். அந்தச் சீட்டை வாங்கியவனும் உழைப்பாளிதான். 1955 ஜனவரியிலே, இதோ பக்கத்து ஆவடியிலே காங்கிரசார் மாநாடு கூட்டி, சோஷலிச மாதிரிச் சமுதாயம் காண்போம் என்று தீர்மானம் போட்டார்கள். எழுபதாண்டு ஆகிவிட்டது. அந்த ஆவடியிலே உழைப்பவன், சம்பளம் போதாமல் சக்கரத்திலே சமதர்மம் தேடுகிறான். கூலி எட்டாத உயரத்திலே வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் இருக்கும்போது, நூற்றுக்கு 2.7 நட்டம் என்று நான் சொல்வது அவன் காதில் விழாது. நூறு ரூபாய் 3,600 ஆகும் இடம் அவனுக்கு வேறெங்கும் காட்டப்படவில்லையே!

தடைக்குப் பிறகு இங்குள்ள பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. தம்பியின் கையில் இருந்தது வெளிநாட்டுக் கடை. சட்டம் அவனைத் தண்டிக்காது என்றேன். முகம் சற்றே தெளிந்தது. எவ்வளவு போயிற்று என்று கேட்டேன். சொல்லவில்லை. தங்கையின் பெயரில் நகை வைத்ததை மட்டும் சொன்னான், தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, இப்போது உங்களுக்குச் சொன்ன 37 பேர் கணக்கை எழுதிக் காட்டினேன். இருமுறை கூட்டிப் பார்த்தான். பட்டறையிலே நூலளவு பிசகாமல் இரும்பைக் கடைகிற கை அது, கூட்டலில் பிசகுமா? "அந்த நூறு ரூபாய் எப்போதும் அவனுக்குத்தானா அண்ணே?" என்றான். எப்போதும் என்றேன். அடுத்த ஷிப்டுக்காரர்கள் இரண்டு பேரிடம் காட்ட வேண்டும் என்று தாளைக் கேட்டான். கொடுத்துவிட்டேன். அதன் பின்பக்கத்திலே என் புது நாடகத்தின் மூன்றாம் காட்சி இருந்தது, சகுனி பகடையை உருட்டுகிற காட்சி. அதை நான் வேறு விதமாக எழுதவேண்டியிருக்கிறது.