முதலில் கை, பிறகு கேள்வி

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு: மத்தேயு 14:22-33)



இன்றைய நற்செய்தியில் திருத்தூதர் பேதுரு தண்ணீரில் மூழ்கத் தொடங்குகிறார், காப்பாற்றச் சொல்லி அலறுகிறார். ஆண்டவர் இரண்டு காரியங்கள் செய்கிறார். கையை நீட்டிப் பிடிக்கிறார். ஏன் சந்தேகப்பட்டாய் என்று ஒரு கேள்வி கேட்கிறார். இவற்றில் எது முதலில் வருகிறது என்று வீட்டுக்குப் போய்த் திருவிவிலியத்தைத் திறந்து பாருங்கள். கைதான் முதலில் வருகிறது, அதுவும் உடனடியாக. கேள்வி, பிடித்த பிறகு.

நம் வீடுகளில் இந்த வரிசை மாறிவிடுகிறது. பிள்ளை தோற்று வந்து நிற்கும்போது கேள்வி வாசலுக்கே ஓடி வருகிறது. கை வந்து சேர்வதற்குள் பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் செய்தித்தாளைப் பிரிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

படகைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இன்று பட்டு நெய்யும் பிள்ளையார்பாளையத்தில் இருந்தாலும், நான் வளர்ந்தது சென்னை இராயபுரத்தில். இராயப்பர் என்பது பேதுருவின் பழைய தமிழ்ப் பெயர் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தவர்கள் இந்தப் பகுதிப் படகுக்காரர்கள். அவர்கள் ஓட்டிய மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்த மக்கள் தங்கள் உழைப்புக் காசில் எழுப்பியதுதான் இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். இழையோடு வாழும் உங்களுக்குத் தைத்த படகைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

அதே கரையில், துறைமுகத்துக்குள்ளே, ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்ற பாய்மரப் படகு மன்றம் இருக்கிறது. துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், 1911இல் தொடங்கியது. (கணித மேதை இராமானுஜன் எழுத்தராக வேலை பார்த்தது இந்த ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான்.) எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது வேறு உலகம். விளையாடுவதற்காக ஒருவர் கடலுக்குப் போவார் என்பதே எங்களுக்கு வியப்பு. எங்கள் தெருவில் கடலுக்குப் போவது பிழைப்புக்காக.

எனக்குப் பாய் பிடிக்கும் வாய்ப்பு என்.சி.சி. கடற்படைப் பிரிவின் வழியாக வந்தது. 1980களில், பள்ளியில் படிக்கும்போது. எண்டர்பிரைஸ் என்று ஒரு வகைப் படகு, இரண்டு பேர் ஓட்டுவது, நீல நிறப் பாய். ஞாயிறு பூசை முடிந்ததும் ஓடுவோம். பாயை விரித்து, காற்றைக் கிழித்துக்கொண்டு போகப்போகிறோம் என்ற கனவோடு முதல் நாள் போனால், பயிற்றுநர் சொன்னார்: "இன்னைக்குப் படகைக் கவுக்கக் கத்துக்கப் போறோம்."

இன்றும் உலகம் முழுவதும் சிறுவர்களுக்குப் பாய்மரப் படகு கற்றுத்தரும் இடங்களில் இந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே வைக்கிறார்கள். ஆப்டிமிஸ்ட் என்று ஒரு குட்டிப் படகு உண்டு. ஏறக்குறைய ஏழரை அடி நீளம், ஒரே பாய், ஒரே பிள்ளை. 15 வயது வரைதான் அதில் போட்டியிடலாம். அதையும் முதலில் கவிழ்த்துப் பழக வேண்டும். கவிழும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் காற்றைப் பற்றிய பயம் தெளியும்.

கவிழ்ந்தால் என்ன செய்வது? கரையை நோக்கி நீந்தாதே. கரை பக்கம்போலத் தெரியும், ஆனால் பக்கத்தில் இல்லை. படகை விடாதே. கவிழ்ந்தாலும் அது மிதக்கும், உன்னையும் தாங்கும். பாய்க்கயிற்றைத் தளர்த்து, இல்லாவிட்டால் நிமிர்ந்த படகைக் காற்று மறுபடியும் சாய்த்துவிடும். அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகைமேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய். பத்து வயதுப் பிள்ளையின் எடையே அந்தக் குட்டிப் படகை நிமிர்த்திவிடும். பிறகு உட்கார்ந்து தண்ணீரை இறை.

இவ்வளவும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் மனத்தில் ஆழப் பதிந்தது வேறு. நாங்கள் கவிழும்போதெல்லாம் பயிற்றுநரின் மோட்டார் படகு பக்கத்தில் வரும். அவர் படகைப் பார்க்க மாட்டார், பாயையும் பார்க்க மாட்டார். தண்ணீருக்கு மேலே இரண்டு தலை தெரிகிறதா என்று பார்த்து, எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். இரண்டு பேரும் குரல் கொடுத்த பிறகுதான் படகின் பக்கம் திரும்புவார். ஏன் கவிழ்ந்தது, யார் கயிற்றை இழுத்தது என்ற விசாரணை எல்லாம் கரையில், துடைத்துக்கொண்டு டீ குடிக்கும்போது. விசாரணை கடுமையாகத்தான் இருக்கும், அதில் சந்தேகம் வேண்டாம்.

படகு என்றால் திருச்சபை என்று பிற்பாடு குருமடத்தில் படித்தேன். கோவிலின் நடுப்பகுதிக்கு இலத்தீன் மொழியில் கப்பல் என்றே பெயர். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதப்பதைப் பற்றிப் பாடம் எதுவும் இல்லை. அது துறைமுகத்தில் கற்றதோடு சரி.

இன்னொன்றும் அங்கே கற்றேன். காற்று எதிரே அடித்தது என்கிறது இன்றைய நற்செய்தி. பாய்மரப் படகு எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. கொஞ்சம் வலப்பக்கம், பிறகு திருப்பி இடப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேறும். கரையில் நிற்கும் அப்பாவுக்கு மகன் வழி தவறிப் போகிறான் என்றுதான் தோன்றும். பிளஸ் டூவில் விழுந்து, ஐ.டி.ஐ. சேர்ந்து, பிறகு டிப்ளமா முடித்து, இன்று ஒரகடத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள்.

சென்னைப் பெண் நேத்ரா குமணன் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் சிறுமியாகச் சேர்ந்தவர். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை ஆனார். டோக்கியோவில் 35ஆம் இடம். மூன்று ஆண்டு கழித்து, 2024இல், பாரிஸில் 21ஆம் இடம். பதக்கம் இல்லையே என்று நம்மில் சிலர் கேட்போம். நமக்குக் கேள்விதானே முதலில் வருகிறது.

நம் பங்கில் ஒரு வீடு. அப்பாவின் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். மகன் பிளஸ் டூவில் இரண்டு பாடத்தில் தோற்றுவிட்டான். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். ஏழு வாரம். அடியைவிட இது கொடுமை என்று அந்தப் பையன் என்னிடம் சொன்னான். தறியில் கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா, ஒரு ஆளால் ஆகாது. கூட உட்காரும் ஆள் ஒரு நாள் வரவில்லை. அம்மா சொல்லி மகன் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு இழை அறுந்தது. பையன் நடுங்கிவிட்டான். அப்பா நாடாவை நிறுத்தினார், அறுந்த முனையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டார். தறியில் யார் அறுத்தது என்று யாரும் கேட்பதில்லை, முனையைத்தான் தேடுவார்கள். அது இங்கே எல்லாருக்கும் தெரியும். முடிச்சுப் போட்ட கையோடு, நிமிராமலே, "சாப்பிட்டியாடா?" என்றார்.

அன்று இரவு கேள்வியும் கேட்டார். ஏன் படிக்கவில்லை, ராத்திரியில் செல்போனில் என்ன பார்த்தாய், எல்லாம். பையன் ஒளிக்காமல் பதில் சொன்னான்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் யாருக்காவது வீட்டில் அந்தக் கை இன்னும் வரவில்லை என்றால், காத்திருக்க வேண்டாம். உங்கள் பங்குத்தந்தையின் கதவைத் தட்டுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை. 104 என்ற அரசு உதவி எண்ணையும் அழைக்கலாம்.

நற்செய்திக்கு வருகிறேன். இருவரும் படகில் ஏறிய பிறகுதான் காற்று அடங்கியது என்கிறார் மத்தேயு. அப்படியானால் பேதுரு மூழ்கிய இடத்துக்கும் படகுக்கும் நடுவில் கொஞ்ச தூரம் இருந்திருக்கிறது. எத்தனை அடி என்று அவர் எழுதவில்லை. ஆண்டவர் பேதுருவைத் தூக்கிச் சுமந்ததாகவும் எழுதவில்லை. கையைப் பிடித்தபடி இருவரும் நடந்தே வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். காற்று அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆமென்.