குதிரைக்குச் சோறு ஊட்டிய அரசர்கள்

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டிக்குத் தென்மேற்கே, மன்னார் வளைகுடாவின் அக்கரையில் இருந்தது பாண்டியரின் காயல் துறைமுகம். அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய இடம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ ஒரு விசித்திரத்தை எழுதிவைத்தார். அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும், அடுத்த ஆண்டுவரை தேறியவை கொஞ்சமே. காரணம், லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை. புல்லும் கொள்ளும் தின்னவேண்டிய குதிரைக்குச் சோற்றோடு சமைத்த இறைச்சியை ஊட்டினார்களாம்! குதிரை வைத்தியர்களை வணிகர்களே வரவிடவில்லை என்கிறார். குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம்?

அரசர்களிடம் பொன் இருந்தது, குதிரையைப் பேணும் பழக்கம் இல்லை.

அவர்களுக்கு வெகுமுன்பே, கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே குதிரையேற்றம் பற்றி நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்பது அவர் கண்ட முதல் பாடம். மிரளும் குதிரையை அடித்தால் மிரட்சி இரட்டிப்பாகும். பயந்த பொருளை நாமே தொட்டுக்காட்டி, மெல்ல அருகே நடத்திச் செல்லவேண்டும்.

மன்னார்த் தீவில் திரியும் கழுதைகளும் குதிரைக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பிள்ளைகளே, அவற்றின் பின்னால் போய் நிற்காதீர்கள். நேர் பின்புறம் அவற்றுக்குத் தெரியாது. தோள்பக்கமாக, குரல் கொடுத்தபடி மெதுவாகப் போங்கள்.